குளக்கரைக்கு எது வேண்டும்: ஓவியமா, க்யூஆர் பலகையா, படித்துறையா?

வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்புவார்கள், ஊரில் இருக்கும் சங்கம் செலவு செய்யும். டெல்டாவில் இது பல காலமாக நடப்பதுதான். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போனவர்கள் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் ஊர் எல்லையில் ஓர் அலங்கார வளைவு, ஒரு நிழற்குடை, ஒரு ஹைமாஸ் விளக்கு. இப்போது பட்டியல் மாறிவிட்டது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சென்னை கண்ணகி நகர் சுவரோவியங்களின் படத்தைப் போடுகிறார். இன்னொருவர், க்யூஆர் கோடு வைத்தால் ஊர் வரலாறு போனிலேயே வரும் என்கிறார். கல்லூரிப் பிள்ளைகள் ஆப் செய்து தருகிறோம் என்கிறார்கள். நடுவில் யாரோ, ‘குளத்துப் படி இடிஞ்சு கிடக்கே, அதைப் பார்க்க வேண்டாமா’ என்று எழுதுவார். அதற்கு மட்டும் யாரும் பதில் போட மாட்டார்கள்.

நகரத் திட்டமிடல்காரர்கள் இதையெல்லாம் சேர்த்து பிளேஸ்மேக்கிங் என்பார்கள். நமக்கு விஷயம் எளிமையானது. கையில் இரண்டு லட்சம் போல இருக்கிறது. குளக்கரையோ ஆற்றங்கரையோ சந்தைத் திடலோ ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. சாயங்காலம் நாலு பேர் வந்து உட்காரும் இடமாக அது மறுபடி ஆக வேண்டும். எதில் பணத்தைப் போடுவது?

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார இடமும் நிழலும் முதலில். அதன் மேல், ஊர்க்காரர்களின் குரலை அந்த இடத்திலேயே கேட்கும்படி ஓர் ஏற்பாடு. சுவரோவியம் அதற்குப் பிறகு, அதுவும் உள்ளூர் ஓவியர் கையால். ஆப், ஏஆர் (போன் கேமராவில் தெரியும் காட்சியின் மேல் கற்பனை உருவங்களைக் காட்டும் நுட்பம்) எதுவும் வேண்டாம். இந்த வரிசை பொருந்தாத ஊர்களும் உண்டு, அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

படியும் நிழலும்

1970-களில் வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் சதுக்கங்களைக் கேமரா வைத்து மாதக்கணக்கில் கவனித்தார். சில சதுக்கங்களில் கூட்டம் மொய்க்கிறது, பக்கத்துச் சதுக்கம் காலியாகக் கிடக்கிறது, ஏன் என்பது அவர் கேள்வி. உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்ட பதில்களில் முதலாவது. சிரிப்பு வரலாம். திண்ணையும் சாவடியும் படித்துறை மண்டபமும் கட்டியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி’ என்று திருவாரூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கமலாலயமும், கரை நெடுகப் பதினாறு மண்டபங்கள் நிற்கும் கும்பகோணம் மகாமகக் குளமும் தீர்த்தமாடுவதற்கு மட்டுமே கட்டப்பட்டவை என்றால் அத்தனை படியும் அத்தனை நிழலும் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. குளத்தில் குளிக்க, துணி துவைக்க, தண்ணீர் எடுக்க வந்தவர்கள் இனி வரப்போவதில்லை. கிரில் கேட் போட்ட வீடுகளில் திண்ணையும் போய்விட்டது. ஆகவே பழைய படித்துறையை அப்படியே திரும்பக் கட்டினால் வெங்காயத்தாமரையைப் பார்த்துக்கொண்டு அது சும்மா கிடக்கும். கட்டும்போதே யோசிக்க வேண்டியது உட்காருவதைப் பற்றி. குளிக்கக் கட்டிய படி குறுகலாக இருக்கும், காலை நீட்ட முடியாது. மேலே உள்ள இரண்டு படிகளை மட்டும் அகலமாக எடுத்து, ஓரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய் வைத்துவிட்டால் முட்டிவலிக்காரர்கள் தைரியமாக இறங்குவார்கள். மேற்குக் கரையில் மரம் இருந்தால் சாயங்கால வெயில் மறைந்துவிடும். பூவரசும் புங்கையும் நம் மண்ணில் சீக்கிரம் வரும், வேம்பு கொஞ்சம் பொறுமை கேட்கும்.

விளக்கு விஷயத்தில் நான் பலரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஹைமாஸ் போட்டால் ஊரே வெளிச்சம் என்பார்கள். சுற்றிலும் வயல் உள்ள ஊரில், சம்பா பயிர் நிற்கும் மழை மாதங்களில், அந்த விளக்கின் அடியில் யாரும் பத்து நிமிஷம் உட்கார முடியாது. புகையான் முதற்கொண்டு அத்தனை பூச்சியும் அங்கேதான். உயரம் குறைந்த, மஞ்சள் வெளிச்சம் தரும் இரண்டு மூன்று விளக்கு போதும். செலவும் குறைவு.

நம் பக்கத்திலேயே பார்க்கத் தகுந்த உதாரணம் பேராவூரணி. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போன மறு வருஷம், கடைமடை இளைஞர்கள் கைஃபா என்று ஓர் அமைப்பாகச் சேர்ந்து பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். நோக்கம் பாசனமும் நிலத்தடி நீரும்தான். ஆனால் ஒரு குளத்துக்காக ஊர் கூடி உழைத்தால் அது ‘நம்ம குளம்’ ஆகிவிடுகிறது. எந்த ஓவியமும் இதைத் தராது.

இதில் உள்ள தொல்லை அனுமதி. கோயில் குளம் என்றால் அறநிலையத் துறை, ஊர்க்குளம் என்றால் ஊராட்சி, ஆற்றங்கரை என்றால் நீர்வளத் துறை. யாருடைய குளம் என்று தெரியாமல் ஜல்லி இறக்கிவிடக் கூடாது. ஊராட்சிக் குளமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊர்ப்பணம் கட்டி மீதியை அரசிடம் கேட்க வழி இருக்கிறது. அந்த வழி கிடைத்தால் உங்கள் இரண்டு லட்சம் ஆறு லட்சம் வேலையைச் செய்துவிடும். மற்ற எந்த யோசனைக்கும் இப்படி ஒரு பெருக்கம் எளிதில் அமையாது.

அப்புறம் ஒரு சங்கடமான உண்மை: படித்துறை போட்டோவில் அழகாக வராது. பணம் அனுப்பியவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் வந்து அதில் உட்காரப் போவதில்லை. ஓவியம் என்றால் அன்றே ஸ்டேட்டஸ் வைக்கலாம். பல ஊர்களில் தீர்மானம் தவறுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது.

சுவர்

கண்ணகி நகரில் 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து பெரிய பெரிய குடியிருப்புச் சுவர்களில் ஓவியம் தீட்ட ஆரம்பித்தபோது அதற்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. நகரத்துக்குள்ளிருந்து அகற்றிக் கொண்டுபோய் விடப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். வெளியாட்கள் அங்கே வேறு கண்ணோடு வர ஓவியம் ஒரு காரணம் கொடுத்தது. நம் ஊருக்கு அந்தத் தேவை இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. நம் பிரச்சினை வெளியாள் வராதது அல்ல, உள்ளூர்க்காரர் வீட்டை விட்டு வராதது.

நடைமுறைக்கு வருவோம். குளக்கரைச் சுவரில் ஓதம் ஏறும். அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை உப்பு பூத்து, நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் அப்பளமாக உதிரும். மேல்பூச்சை உடைத்து, காயவிட்டு, மறுபடி பூசி, பிரைமர் அடித்து வரைந்தால்தான் நிற்கும். அதையும் தை, மாசியில் செய்ய வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் அவசரமாக அடித்த சுவரைப் பொங்கலுக்குப் பார்த்தால் தெரியும். இதெல்லாம் சரியாகச் செய்தாலும் தேர்தல் வந்தால் ‘இந்தச் சுவர் ரிசர்வ்டு’ என்று யாராவது எழுதுவார்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள், வரட்டியும் தட்டுவார்கள். வரட்டி தட்டுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அந்தச் சுவருக்கு அதுவரை இருந்த ஒரே உபயோகம் அது.

என்ன வரைவது என்பது அடுத்த தகராறு. எந்தச் சாமி, எந்தத் தலைவர், எந்த நிறம் பக்கத்தில் எந்த நிறம். இந்தச் சண்டைக்குப் பயந்து கடைசியில் எல்லா ஊரிலும் ஒரே படம்தான் வரும்: ஏர் பூட்டிய இரண்டு காளை, தலைப்பாகை கட்டிய உழவர், பின்னால் சூரியன். சுவருக்கு நேர் எதிரே அறுவடை மெஷின் நிற்கும்.

சுவர்தான் வேண்டும் என்று ஊர் ஒருமனதாகச் சொன்னால், நான் வரையச் சொல்வது வாய்க்கால் வரைபடம். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மறுபடி பிரிந்து கோரையாறு, பாமணியாறு என்று போகிறது. அங்கிருந்து உங்கள் ஊர் வரை எந்த ஆறு, எந்த வாய்க்கால், எந்த மதகு, எந்த வயல்? கூகுள் மேப்பில் ஆற்றின் பெயர் இருக்கும், கிளை வாய்க்கால் பெயர் பெரும்பாலும் இருக்காது. லஸ்கரும் (மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) பழைய விவசாயிகளும் சொல்லச் சொல்ல ஒரு பெரிய சுவரில் இதை வரைந்தால், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த நாளிலிருந்து ‘தண்ணி எங்க வந்திருக்கு’ என்ற பேச்சுக்கு அந்தச் சுவர் பயன்படும். அதே தகவலைப் பிள்ளைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடலாம். அது இலவசம், யாரும் திருத்தலாம், யாருடைய கம்பெனிச் சொத்தும் அல்ல. தனித் திட்டமாக மேப்பிங் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவரோடு சேர்ந்து வந்தால் நல்லது.

வரைவதற்கு வெளியூர்க் குழுவைக் கூப்பிட வேண்டாம். எல்லாச் சிறு நகரத்திலும் ஏதோ ஓர் ‘ஆர்ட்ஸ்’ என்று கையெழுத்துப் போட்டு, கடைப் பெயரும் கட்சிச் சின்னமும் தேர்த் திரைச்சீலையும் எழுதிக் கொண்டிருந்த ஒருவர் இருந்தார். ஃப்ளெக்ஸ் வந்து அவர் பிழைப்பைக் கெடுத்தது. அவரைத் தேடிப் பிடியுங்கள். வரையும் கூலியோடு, மூன்று வருஷம் கழித்துத் திரும்பத் தீட்டும் கூலியையும் இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும்.

குரல்

எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது என்பதால் கொஞ்சம் நீளும்.

இடத்தோடு தகவலைக் கட்டிப்போடுவது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கோயில் பணிக்காக 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது ஆடல் மகளிரை, குடியமர்த்தியதைப் பொறித்திருக்கிறான். ஒவ்வொருவர் பெயரும், எந்தத் தளிச்சேரி, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதோடு இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருஷம் கழித்தும் ஒரு தெருவை வீடு வீடாகப் படிக்க முடிகிறது. அவர்கள் என்ன பேசினார்கள் என்பதுதான் நமக்குக் கிடைக்கவில்லை.

2003-ல் கனடாவின் டொராண்டோவில் ‘மர்மர்’ என்று ஒரு திட்டம் வந்தது. காது வடிவத்தில் ஒரு பச்சைப் பலகையைத் தெருவில் மாட்டினார்கள், அதில் ஒரு தொலைபேசி எண். அழைத்தால் நீங்கள் நிற்கும் அதே இடத்தைப் பற்றி அந்தப் பேட்டைக்காரர் ஒருவர் சொல்லும் கதை கேட்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2013-ல் விளக்குக் கம்பத்துக்கும் தபால் பெட்டிக்கும் எஸ்எம்எஸ் அனுப்பிப் பேசும் விளையாட்டு ஒன்றை வைத்தார்கள், அதற்கு அடுத்து வருபவரும் பதில் எழுதலாம். இரண்டிலும் ஸ்மார்ட்போன் கட்டாயமில்லை. இந்தியாவிலேயே 2010-லிருந்து சத்தீஸ்கரில் சிஜிநெட் ஸ்வரா போன் அழைப்பு வழியாகவே பழங்குடி மக்களின் செய்திகளைப் பதிந்து கேட்க வைத்திருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வழி ஒத்துவரும்.

நம் ஊருக்கு எளிய வடிவம் இதுதான்: பத்துப் பன்னிரண்டு குரல்கள், ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், படித்துறையிலும் மதகிலும் மரத்தடியிலும் சின்னச் சின்னப் பலகைகள். பலகையில் க்யூஆர் கோடு, கீழே பெரிய எழுத்தில் ஒரு போன் எண். எண் வைக்க மாத வாடகை ஆகும். அது முடியாத ஊர் க்யூஆரோடு நிறுத்திக்கொண்டு, அதே ஒலிப்பதிவுகளை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடலாம். 64 கேபிபிஎஸ்-ல் சேமித்தால் மூன்று நிமிஷப் பேச்சு ஒன்றரை எம்பிக்குள் அடங்கும். சிக்னல் தடுமாறும் இடத்திலும் இறங்கிவிடும். வீடியோ வேண்டாம். வீடியோ எடுத்தால் பாட்டி புதுப்புடவை கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார்.

பதிவு செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அப்பாயி, நம்ம ஊர் வரலாறு சொல்லுங்க’ என்று கேட்டால், ‘என்னத்தச் சொல்றது தம்பி, நான் என்ன படிச்சவளா’ என்பதோடு முடிந்துவிடும். ‘77 புயல்ல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?’ என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடும். நடவு மெஷின் வருவதற்கு முன்னால் குலவையை யார் முதலில் எடுப்பார்கள்? இந்தத் துறையில் யார் குளிப்பார்கள், அந்தத் துறையில் யார்? ஆற்றில் தண்ணீர் வந்த அன்று வீட்டில் என்ன செய்வார்கள்? ஒரு பொருளை, ஓர் இடத்தை, ஒரு நாளைப் பிடித்துக் கேட்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சட்டையில் மாட்டும் மைக் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். பின்னால் மாடு கத்துவதும் டவுன் பஸ் ஹாரனும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது தொழில்நுட்பம். இலவசமாக டைனமிக் க்யூஆர் (தங்கள் தளம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோகும் கோடு) தரும் இணையதளங்களில் பல, சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கேட்கும். கட்டாவிட்டால் பலகை இருக்கும், கோடு செத்துப்போகும். நேரடி முகவரியையே கோடாக்கிவிட வேண்டும். ஒலிக்கோப்புகளை இன்டர்நெட் ஆர்க்கைவிலோ விக்கிமீடியா பொதுவகத்திலோ ஏற்றினால் ஆண்டுச் சந்தா கிடையாது. பலகையை ஃப்ளெக்ஸில் அடித்தால் நம் வெயிலுக்கு ஒரு வருஷம் தாங்குவதே பெரிது. உலோகத் தகட்டில் அடிக்கச் சொல்லுங்கள், கோடு உள்ளங்கை அகலம் இருக்கட்டும்.

இரண்டாவது பள்ளம் மனிதர்கள் சம்பந்தப்பட்டது. பேச ஆரம்பித்தால் நிலத் தகராறு, குடும்ப விஷயம், பழைய அடிதடி எல்லாம் வரும். ஏற்றுவதற்கு முன்னால் பேசியவருக்கே திரும்பப் போட்டுக் காட்டி, ‘இது இருக்கட்டுமா, எடுத்துடவா’ என்று கேட்க வேண்டும். பிற்பாடு அவரோ அவர் பிள்ளைகளோ வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். விக்கிமீடியாவில் ஒருமுறை கட்டற்ற உரிமத்தில் கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம் என்பதால், தயக்கம் உள்ள பதிவுகளை அங்கே போட வேண்டாம்.

ஆப்பும் ஏஆரும்

சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். போனைத் தூக்கிக் குளத்தின் மேல் காட்டினால் பழைய தெப்பம் மிதக்கும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மெட்டா நிறுவனம் தன் ஸ்பார்க் ஏஆர் தளத்தை 2025 ஜனவரியில் மூடியது. அதில் உலகம் முழுவதும் மற்றவர்கள் உழைத்துச் செய்து வைத்திருந்த ஏஆர் விளைவுகள் அத்தோடு போயின. அவ்வளவு பெரிய கம்பெனியின் தளத்துக்கே அந்தக் கதி என்றால், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் புராஜெக்டுக்காகச் செய்யும் ஆப் அவர்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு என்ன ஆகும்?

டிஜிட்டல் விளையாட்டு ஒன்றில் மட்டும் எனக்கு மரியாதை உண்டு. ஐ.நா. வாழ்விடத் திட்டமும் மைன்கிராஃப்ட் செய்த மோஜாங் நிறுவனமும் 2012-ல் தொடங்கிய ‘பிளாக் பை பிளாக்’ அது. நைரோபியின் கிபேரா போன்ற இடங்களில், விளையாட்டுத் திடல் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே வாழும் இளைஞர்களே கணினியில் கட்டிக் காட்டினார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் கருத்துச் சொல்ல அது வழி செய்தது. அந்த நோக்கத்தை நாம் கணினி இல்லாமலே அடைந்துவிடலாம். மனை போடும்போது நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவோமே, அதையே குளக்கரையில் செய்யுங்கள். பெஞ்சு இங்கே, மரம் இங்கே, விளக்கு இங்கே என்று அசல் அளவில் கோடு போட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ‘இங்க பெஞ்சு போட்டா பால் வண்டி எப்படித் திரும்பும்’ என்று முதல் நாளே ஒருவர் கேட்பார்.

விழா என்ற வழி

எதையும் கட்டாமல் ஒரு நிகழ்ச்சியால் இடத்தை உண்டாக்கவும் முடியும். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிய சில இரவுகளில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கிறது, அந்தச் சில இரவுகளால்தான் அந்த ஊர் வெளியில் தெரிகிறது. திருவையாறு இன்னும் பெரிய கதை. 1847-ல் தியாகராஜர் மறைந்தபின் காவிரிக் கரையில் அவருடைய சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்த காலமும் உண்டு. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920-களில் தன் சொந்தப் பணத்தில் அங்கே கோயில் எழுப்பினார். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட இடம் தரப்படவில்லை. அவர் விடாமல் போராடினார், பெண்களைக் கொண்டே தனியாக ஆராதனை நடத்தினார், 1940-களின் தொடக்கத்தில் எல்லாத் தரப்பும் ஒன்றானது. இன்று அந்தக் கரையில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். கட்டடம், ஆண்டுதோறும் ஒரு நாள், ‘இங்கே யார் பாடலாம்’ என்ற சண்டை ஆகிய மூன்றையும் கடந்துதான் அந்தக் கரை எல்லோருடைய கரையாயிற்று.

மூன்றாவது விஷயத்தை நாம் தாண்டிப் போகவே முடியாது. டெல்டாவில் ‘ஊர்’ என்று சொன்னால் எல்லோரும் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொள்வது வசதியான மறதி. தெரு என்றும் காலனி என்றும் தனியாகச் சொல்லப்படும், தலித் மக்கள் வாழும் பகுதியிலிருந்து யார் அந்தக் குளத்துப் பக்கம் வந்தார்கள், எந்தத் துறையில் இறங்கினார்கள்? 1968 டிசம்பர் 25-ல் 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியும் இதே மண்தான். அந்த நினைவிடத்தில் ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் கூடுகிறார்கள், அதுவும் ஊரார் உண்டாக்கிய பொது இடம்தான். சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் முகம் சுருங்கும். எடுக்காமல் விட்டால் எவ்வளவு அழகான பெஞ்சு போட்டாலும் அதில் பாதிப் பேர் உட்கார மாட்டார்கள். குரல் பதிவை நான் உயர்த்திப் பேசுவதற்கு இது முக்கியக் காரணம். பன்னிரண்டு பதிவில் பாதி, தெரு, காலனி எனப்படும் அந்தப் பகுதியிலிருந்து வர வேண்டும், குறைந்தது ஆறு பதிவுகள் பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்துக் கொள்ளலாம். சுவரிலோ படியிலோ இப்படிப் பங்கு பிரித்து வைக்க முடியாது.

வரிசை மாறும் ஊர்கள்

தாராசுரம் போன்ற ஊர் என்றால் கணக்கே வேறு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். படி, நிழற்குடை, சுவர் எல்லாம் சிக்கல். அங்கே ஒலிப்பதிவுதான் முதலாவது. வெளியூர்க்காரர் நிறைய வருவதால் கேட்கவும் ஆள் உண்டு. அர்ச்சகரும் கைடும் சொல்லும் கதையை விட்டுவிட்டுப் பட்டு நெசவாளரின் குரலைப் பதியுங்கள். சுவாமிமலை, நாச்சியார்கோவில், நரசிங்கம்பேட்டை போன்ற கைத்தொழில் ஊர்களுக்கும் இது பொருந்தும். உலோகம் வார்ப்பதும் மரம் கடைவதும் காதாலேயே அடையாளம் தெரியும் வேலைகள்.

கடலோரக் குப்பங்களில் நான் ஒலிப்பதிவுக்கும் முன்னால் கூரையை வைப்பேன். வலை பின்ன, ஏலம் போட, சீட்டாட ஏற்கெனவே கூடும் இடம் ஒன்று இருக்கும். அதற்குப் புயல் தாங்கும் கூரை வேண்டும். கஜாவின்போது வேதாரண்யம் பக்கம் பல நாட்கள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. மக்கள் ஒண்டியது பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும்தான். தரங்கம்பாடி மாதிரி பழைய வீதி எஞ்சியிருக்கும் ஊரில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சுனாமிக்குப் பிறகு செய்ததுபோல ஓட்டு வீடுகளையே சீர் செய்வது எல்லாவற்றையும்விட மேல். ஆனால் அது இரண்டு லட்சத்தில் ஆகும் வேலை இல்லை.

தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரி நகரத்துக்குள் ஒரு தெருமுனை என்றால் சுவரோவியம் இரண்டாம் இடத்துக்கு ஏறலாம். அங்கே உட்கார டீக்கடை இருக்கிறது, நிற்பவருக்குப் பார்க்க ஏதாவது வேண்டும்.

மற்ற ஊர்களுக்கு, அதாவது உள்ளே தள்ளி, குளம் பாதி தூர்ந்து, பிள்ளைகள் பாதிப் பேர் வெளியே போய்விட்ட ஊர்களுக்கு, நான் முதலில் சொன்ன வரிசைதான். பணத்தில் பெரும்பகுதி படிக்கும் நிழலுக்கும். ஒலிப்பதிவுக்கு மைக், பலகை, போன் எண் வாடகை என்று பத்தில் ஒரு பங்கு தாராளம். பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வங்கியில் போட்டுவிடுங்கள், உடைந்த பல்பும் செத்த கோடும் கட்டாயம் வரும். அதைக் கவனிக்க இருவர் பெயர் தீர்மானத்தில் எழுதியிருக்க வேண்டும். ஒருவராவது ஊரிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

வேலைக்கு நாள் குறிப்பதை நம் ஆறே செய்துவிடுகிறது. பொங்கலுக்கு வெளியூர்க்காரர்கள் வரும்போது சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிட்டு, ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் வைக்கலாம். குளம் வற்றிக் கிடக்கும் பங்குனி முதல் வைகாசி வரை கல் வேலை. வயலில் வேலை இல்லாத அதே கோடையில் பெரியவர்கள் ஓய்வாக இருப்பார்கள், பதிவையும் அப்போதே முடித்துவிடலாம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தபின் கரையில் கலவை போட நினைக்கக் கூடாது. பலகைகளை ஆடிப்பெருக்குக்கு மாட்டினால், அன்று எப்படியும் பெண்கள் கரைக்கு வருவார்கள். மரக்கன்று ஐப்பசியில் வைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்.

சுவர் அடுத்த தை வரை காத்திருக்கட்டும். அதற்குள் கரையில் சாயங்காலம் ஆள் சேர ஆரம்பித்திருந்தால், சுவரில் என்ன வரைய வேண்டும் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.